சிவக்காத தொட்டி

ஐந்து மணிக்குக் கையெழுத்து. இப்போது மணி மூன்று பத்து.

வார்டன் காரை விட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்திய வேகத்தில், தொழிற்சாலை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நாய்க்கு இருந்த புத்தி கூட வந்த ரேடியோவுக்கு இல்லை.

"மேடம், கதவுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்."

"உனக்கு வாய் இருக்கறதாலதான் நான் அழறேன். நட."

இருபத்தாறு வருடம் பெண்கள் சிறையைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர் அவர். துப்பறியும் தொழிலுக்கு வந்து எட்டு வருடம் ஆகியும், வார்டன் என்ற பெயருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. ரேடியோ அவருடைய உதவியாளர். முன்னாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பேச்சு நின்றால் மூச்சும் நின்றுவிடும் என்று நம்புகிற நாற்பத்தைந்து வயது ஆசாமி.

வார்டனின் கோபம் காலையில் வந்த ஒரு போனில் தொடங்கியது. "என் மருமக திருடிட்டா. அதுக்கு ஒரு ஆதாரம் வேணும். சாயந்தரத்துக்குள்ள வேணும்" என்றார் இந்தத் தொழிற்சாலையின் முதலாளி. திருடினாளா இல்லையா என்று பார்க்கச் சொல்லவில்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சியைத் தேடும் மனிதர்களை வார்டனுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய தீர்ப்பில் சிக்கிய பெண்களுக்குத்தான் அவர் இத்தனை வருடம் சோறு போட்டிருந்தார்.

வாசலிலிருந்து அலுவலகம் வரை இரண்டு பக்கமும் பூச்செடிகள். ஒன்றாவது பச்சையாக இல்லை.

"என்ன மேடம், எல்லாச் செடிக்கும் மஞ்சக்காமாலையா? பெரியவர் நாப்பது வருஷம் உரக்கடை வச்சிருந்தவராம். சலூன்காரர் தலையே பரட்டையா இருக்கற மாதிரி இருக்கு."

வார்டன் ஒரு ரோஜா இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் படியேறினார்.

பெரியவர் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. அவர் முன்னால் ஒரு தாள். தாளின் மேல் மூடி கழற்றிய பேனா. ஜன்னலோரம் அவருடைய ஒரே மகன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"பத்து வருஷம் முன்னாடி கடையை மூடிட்டு, மருமக பேச்சைக் கேட்டு இந்தத் தொட்டியெல்லாம் கட்டினேன்" என்று தொடங்கினார் பெரியவர். "கண்ணுக்கே தெரியாத நுண்பாசி. அது சிவந்தா, அந்தச் சிவப்புச் சத்துக்கு மாத்திரை கம்பெனி, க்ரீம் கம்பெனி, மீன் தீவனக் கம்பெனின்னு வரிசையில நிப்பாங்க. பத்து வருஷத்துல ஒரு தொட்டி சிவக்காம இருந்ததில்ல. போன மாசம் மூணாம் தொட்டி சிவக்கல. பச்சையாவே கிடந்து அழுகிப் போச்சு."

"அதுக்கு மருமக என்ன செய்வா?"

"தொட்டியை நிரப்பின மறுநாளே, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு பிறந்த வீட்டுக்குப் போனா. ஒன்பது நாள். அவ அண்ணன் எங்க வேலை பாக்கறான் தெரியுமா? எங்க போட்டிக் கம்பெனியில! தொட்டிக்கு விதையா வைக்கற அசல் தாய்ப்பாசியை அண்ணன்கிட்ட குடுத்துட்டு, ஏதோ குட்டைப் பாசியை என் தொட்டியில ஊத்திட்டுப் போயிருக்கா."

"அந்தத் தொட்டித் தண்ணி எங்கே?"

"கொட்டியாச்சு. அன்னைக்கே ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவியாச்சு."

வார்டனின் இடது புருவம் சற்று மேலே போனது. "இந்தத் தாள்?"

"பங்கும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம், தானாவே விலகிக்கறேன்னு எழுதியிருக்கு. அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டா விஷயம் காம்பவுண்டைத் தாண்டாது. போடலேன்னா போலீஸ். எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு, மேடம்."

"இங்க வேலை செய்யறவங்களுக்குத் தெரியுமா?"

"நாப்பது பேரையும் வாசல்ல கூட்டி வச்சே சொன்னேன். திருட்டை மறைக்கற பழக்கம் எனக்குக் கிடையாது."

"நாப்பது பேரும் சாயந்தரம் வாயை இங்கயே கழட்டி வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க போல" என்றான் ரேடியோ, சுவரைப் பார்த்து.

வார்டன் மகன் பக்கம் திரும்பினார். "உங்க மனைவி திருடினாங்களா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வார்டன் வெளியே வந்தார். நடையில் கால் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஆள் ஜன்னலுக்குத் திரைச்சீலையா பிறந்திருக்கலாம்."

"திரைச்சீலை காத்தடிச்சா அசையும், மேடம்."

தாய்ப்பாசி அறை குளிர்ந்து, அரையிருட்டாக இருந்தது. அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைப்பு. ஒவ்வொன்றிலும் இளம்பச்சைத் தண்ணீர். மருமகள் வெள்ளைக் கோட்டுடன், ஒவ்வொரு குடுவையாக எடுத்து மெல்லச் சுழற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கன்னு சொல்ல நாற்காலி இல்ல. நேத்து வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"குடுவையை எதுக்கும்மா சுத்தறே? இன்னும் ஒரு மணி நேரத்துல இது உன்னோடது இல்லையாம்."

"சுத்தலேன்னா அடியில படிஞ்சிடும். அதுங்க யாருக்கும் கையெழுத்துப் போடலையே."

"நீ அழுதிருப்பேன்னு நினைச்சேன்."

"அழுதா ஒத்துக்கிட்டேன்னு எழுதிப்பாங்க."

வார்டனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டாமல் கேட்டார்: "இது எப்படி சிவக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நல்ல சாப்பாடும் மிதமான வெளிச்சமும் இருந்தா பச்சையாவே இருக்கும், பெருகும். சிவக்க வேண்டிய அவசியமே அதுக்கு இல்ல. நாங்க நல்லாப் பெருக வச்சு, சுத்தத் தண்ணி நிரப்பின பெரிய தொட்டிக்கு மாத்துவோம். சாப்பாட்டை அடியோட நிறுத்திடுவோம். தலைக்கு மேல வெளிச்சத்தைக் கொட்டுவோம். அப்பதான் தன்னைக் காப்பாத்திக்க உடம்பு பூரா சிவப்பைப் பூசிக்கும். அந்தச் சிவப்புக்குத்தான் விலை."

"பட்டினி போட்டு அடிச்சா கோபத்துல சிவக்குது" என்றான் ரேடியோ. "மேடம், உங்க சொந்தக்காரங்க."

"சிவக்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?" என்றார் வார்டன், அவனைக் கண்டுகொள்ளாமல்.

"மூணு நாலு நாள்ல பச்சை வெளுத்துப் பழுப்பாகும். தெரியாதவங்க பாத்தா செத்துப் போச்சுன்னுதான் நினைப்பாங்க. அந்த நாள்ல வீட்டு ஆளுங்களைக்கூட நான் கூடத்துக்குள்ள விட்டதில்ல. அதுக்கப்புறம் ஒரு வாரத்துல செங்கல் நிறம்."

"இந்தக் குடுவையில இருக்கறது அசல்தான்னு இப்பவே காட்ட முடியுமா?"

"சிவக்க வச்சுக் காட்டலாம். ஒரு வாரம் ஆகும். அதுக்கும் மாமா, மாட்டிக்கிட்டதும் நானே திருப்பிக் கொண்டு வந்து வச்சுட்டேன்னு சொல்லுவார்." குடுவையை அலமாரியில் நங்கென்று வைத்தாள். "நான் ஊர்ல இருந்து வந்த ராத்திரி, தொட்டி கழுவிக் காஞ்சு கிடந்துச்சு. தண்ணியை ஒரு தடவை பாக்கக்கூட விடல. விடிஞ்சதும் வாசல்ல நிக்க வச்சுத் திருடின்னாங்க. எங்க அண்ணனுக்கு இந்த நுண்பாசின்னா என்னன்னே தெரியாது மேடம். அங்க லாரி ஓட்டறார்."

தொட்டிக் கூடத்துக்குக் கண்ணாடிக் கூரை. ஓடுபாதை போல நீண்டு வளைந்த நாலு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும் துடுப்புச் சக்கரம். ஒன்றாவது இன்னும் பெருகும் பச்சை, இரண்டும் நான்கும் நல்ல செங்கல் நிறம். மூன்றாவது மட்டும் வெறுமையாக, ப்ளீச்சிங் நெடியோடு, பல் தேய்த்த வாய் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

வார்டன் தொட்டியின் ஓரம், மூலை, குழாய் வாய் எல்லாவற்றையும் விரலால் தடவினார். துளிப் பாசி இல்லை.

"இவ்வளவு நல்லா என் கல்யாணத்துக்கு நானே குளிக்கல" என்றான் ரேடியோ.

"உள்ள இறங்கு."

"எதுக்கு?"

"கழுவினவங்க குனிஞ்சு கழுவியிருப்பாங்க. அண்ணாந்து யாரும் கழுவ மாட்டாங்க. அந்தச் சக்கரத்துக்கு மேல ஒரு மூடி இருக்கு பார். அடியில போய்ப் படு."

ரேடியோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கி மல்லாந்து படுத்து, சக்கரத்தின் அடியில் தலையை நுழைத்தான்.

"மேடம், மூடிக்குத் தட்டம்மை போட்டிருக்கு."

"என்னது?"

"பூராவும் பொட்டுப் பொட்டா. சிவப்பா!"

மருமகள் கோட்டோடு தொட்டிக்குள் குதித்தாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியின் உட்பக்கம் முழுக்க, சக்கரம் சுழன்று தெறித்த துளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. எல்லாம் செங்கல் நிறம். நகத்தால் ஒன்றைச் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது பழைய தொட்டியோட கறையா இருக்கலாமே?" என்றார் வார்டன். எதிராளி கேட்கப்போகும் கேள்வியை முதலில் தானே கேட்டுவிடுவது அவர் வழக்கம்.

"முடியாது மேடம். பழைய மூடி துருப்பிடிச்ச தகரம். இதை மூணாம் தொட்டி நிரப்பின அன்னைக்குக் காலையிலதான் மாட்டினோம். மாட்டின ஃபிட்டர் இங்கதான் இருக்கார். இதுல தெறிச்சது அந்த ஒரே தண்ணிதான்."

"அப்போ ஒரே தண்ணி. மேல தெறிச்ச துளி சிவந்திருக்கு. கீழ நின்னது சிவக்கல."

"பாசி அசல்!" என்று கத்தினாள் அவள். பிறகு குரல் சட்டென்று இறங்கியது. "மேல போன துளிக்குக் கிடைக்காதது ஏதோ கீழ இருந்ததுக்குக் கிடைச்சிருக்கு. சாப்பாடு. யாரோ இதுல உரம் கலந்திருக்காங்க."

"நீ பாசிக்கு உரம் வைக்கற அறையில இருந்தா?"

"அதோட சாவி ஊருக்கும் என் கூடத்தான் வந்துச்சு. உள்ள எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு."

"இந்தக் காம்பவுண்டுல வேற எங்க உரம் இருக்கும்?" என்று ரேடியோ தொட்டியிலிருந்து ஏறியபடி கேட்டான்.

வார்டன் அதற்குள் பாதி தூரம் போயிருந்தார்.

தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த செடிகளுக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"செடிக்கு உரம் வைக்கலையா?"

"எங்கிருந்து வைக்கறதும்மா? ரெண்டு மூட்டை யூரியா வந்துச்சு. தொட்டிக் கூடத்துக்குக் கொண்டு போகச் சொல்லிட்டார் பெரியவர். 'வெளியில இருக்கற செடி பொறுக்கும், உள்ள இருக்கற பயிர் வாடுது'ன்னார்."

"யார் தூக்கிட்டுப் போனது?"

"சின்னவர்தான். தோள்ல வச்சுக்கிட்டு. அவர் மூட்டை தூக்கி நான் அன்னைக்குத்தான் பாத்தேன்."

"என்னைக்கு?"

"சின்னம்மா ஊருக்குப் போய் மூணு நாலு நாள் இருக்கும்."

வார்டன் அப்படியே நின்றார். கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. ரேடியோ வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு, பத்தடி நடந்த பிறகே மெல்லப் பேசினான்.

"மேடம், ஒரு விதத்துல பாவம்தானே? நாப்பது வருஷம் கடைக்கு வந்தவனுக்கெல்லாம் பயிர் வெளுத்தா உரம் போடுன்னு சொன்ன மனுஷன். தொட்டி பழுப்பாச்சு, மருமக பட்டினி போட்டுக் கொல்றான்னு நினைச்சுப் போட்டுட்டார். தெரியாம செஞ்சதுதானே."

"போட்டது தெரியாம. கழுவினது?"

ரேடியோ திரும்பித் தொட்டிக் கூடத்தைப் பார்த்தான்.

நாலு நாற்பதுக்கு வார்டன் மறுபடி பெரியவர் அறைக்குள் நுழைந்தார்.

"ஆதாரம் கிடைச்சிடுச்சு."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும். குடுங்க."

"தொட்டிக் கூடத்துல இருக்கு. எல்லாரையும் அங்க வரச் சொல்லுங்க. நீங்கதான் திருட்டை மறைக்கறவர் இல்லையே."

அவர் தாளையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து முன்னால் நடந்தார். மகன் பின்னால் வந்தான். அவன் மட்டும் வார்டனின் முகத்தைப் பார்த்திருந்தான். அவன் நெற்றி வியர்த்திருந்தது.

நாற்பது பேரும் மூன்றாம் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ரேடியோ மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தான். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபிட்டர் தானாகவே சொன்னார்: "நான் மாட்டின மூடிங்க. அன்னைக்குக் காலையில."

"பாசி அசல்" என்றார் வார்டன். "அதுக்கு ரெண்டு மூட்டை யூரியா விருந்து வச்சதாலதான் சிவக்கல. விருந்து வச்சவர் இங்கதான் நிக்கறார்."

பெரியவர் அசையவில்லை. "ஆமா, போட்டேன். வாடற பயிருக்கு உரம் போடறது குத்தமா? மறுநாளே பச்சை திரும்புச்சு. அதனாலதான் கெட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யார் சொன்னது?"

"உங்க ப்ளீச்சிங் பவுடர் சொல்லுது. மருமக போலிப் பாசியை ஊத்தினான்னு நிஜமா நம்பியிருந்தா, அந்தத் தண்ணிதான் உங்க சாட்சி. அதை நூறு பாட்டில்ல பிடிச்சுப் பூட்டி வச்சிருப்பீங்க. கையில இருந்த ஆதாரத்தை அவ வர்றதுக்குள்ள தேய்ச்சுக் கழுவிட்டு, ஆதாரம் கண்டுபிடிச்சுக் குடுன்னு எனக்குப் போன் போட்டீங்க. தண்ணியைச் சோதிச்சா அதுல யாரோட உரம் இருக்கும்னு தெரிஞ்சவர்தான் அதைச் செய்வார்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க! இது என் இடம், என் தொட்டி..."

"அப்பா, போதும்."

மகனின் குரல் அது. எல்லோரும் திரும்பினார்கள். அவன் யாரையும் பார்க்காமல் பேசினான்.

"அவ நோட்டுல எழுதி வச்சிருந்தா. பட்டினி நாள்ல உரம் பட்டா தொட்டி போச்சுன்னு. மூட்டையைக் கலந்த அன்னைக்கு ராத்திரி படிச்சேன். அப்பாகிட்ட சொன்னேன். பேசாம இருன்னார்."

மருமகள் அவன் எதிரில் வந்து நின்றாள். அறைந்துவிடுவாள் என்று ரேடியோ நினைத்தான்.

"தினமும் ராத்திரி போன் பண்ணினீங்க" என்றாள். "தொட்டி எப்படி இருக்குன்னு கேட்டப்பல்லாம், 'அதை விடு, முதல்ல உங்கம்மாவைப் பாரு'ன்னீங்க. எவ்வளவு நல்ல மனுஷர்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்."

"நான்... அப்பாவோட பேர்..."

"வேண்டாம். வாசல்ல நான் நின்னப்ப வாயை மூடிட்டிருந்தீங்க. இன்னைக்கும் அப்படியே இருங்க."

பெரியவர் இப்போது வார்டனிடம் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது, முதுகு மட்டும் வளையவில்லை. "உரம் என் தொழில். அதுல நான் தப்புப் பண்ணினேன்னு ஊர் பேசினா, நாப்பது வருஷப் பேர் என்ன ஆகும்? இவளுக்கு ஒண்ணும் குறை வச்சிருக்க மாட்டேன். தனி வீடு பாத்துக் குடுத்திருப்பேன். குடும்ப மானம்..."

"நிறுத்துங்க!"

கண்ணாடிக் கூரை அதிர்ந்தது. பெண்கள் சிறையில் நாலு கட்டடத்துக்குக் கேட்ட குரல் அது.

"மானம், மானம்னு எத்தனை வீட்டு ஆம்பளைங்க என் மேஜை முன்னாடி நின்னு சொல்லியிருக்காங்க தெரியுமா? எல்லாருக்கும் அதைக் காப்பாத்த ஒரு பொண்ணோட கையெழுத்து வேணும். இவ உங்க மருமக. இவ பேரும் உங்க குடும்பப் பேர்தான். அதை வாசல்ல போட்டு மிதிச்சது இவ அண்ணன் இல்ல, நீங்க. பேனா உங்க கையிலதானே இருக்கு? ஒரு தடவை உங்க கையெழுத்துல காப்பாத்துங்க பாப்போம்."

பெரியவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் அரைவாசி திரும்பி, சுவருக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு தவறு நடந்து போச்சு. மருமக மேல குத்தமில்ல. எல்லாரும் வேலையைப் பாருங்க."

ஒருவரும் நகரவில்லை.

"யார் செஞ்ச தவறு, மாமா?" என்றாள் மருமகள்.

"அதான் சொல்லிட்டேனே."

"கேக்கல."

"நான்... நான்தான்."

"சத்தமா, மாமா. அன்னைக்கு நீங்க என்னைத் திருடின்னு சொன்னது கேட் வரைக்கும் கேட்டுச்சு."

சக்கரங்கள் தண்ணீரைத் தள்ளும் ஓசை மட்டும் இருந்தது. ஃபிட்டர் யாரும் சொல்லாமலேயே போய் ஒன்றாம் தொட்டியின் மோட்டாரை நிறுத்தினார். பிறகு இரண்டை. பிறகு நான்கை. கூடம் முழுக்க நிசப்தமானது.

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் ஒரு முறை மூச்சை இழுத்தார். உரக்கடை வாசலில் நின்று லாரிக்காரர்களை அதட்டிய அந்தப் பழைய குரல் வெளியே வந்தது.

"தொட்டியைக் கெடுத்தது நான்! தெரிஞ்சே பழியை இவ மேல போட்டதும் நான்! என் மருமக திருடல!"

தொலைவில் கேட் பக்கம், வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.